ஆலோசகர் முதலில் செய்ய வேண்டியது

ஜனவரி 9

குளிர் மைனஸ் முப்பது. பள்ளிக்கூடம் இரண்டு மணி நேரம் தாமதமாகத் திறந்தது. பேருந்து எஞ்சின்களுக்கு உயிர் வர அவ்வளவு நேரம் ஆகுமாம். எனக்கும்தான். அந்த நேரத்தில் ஓர் அத்தியாயம் படித்திருக்கலாம். சாக்லேட் தின்றுகொண்டு ஜன்னல் வழியாக வயலைப் பார்த்தேன். வயலில் பார்க்க ஒன்றுமில்லை. இந்தச் சமவெளியில் உன் நாய் ஓடிப்போனால் மூன்று நாள் கழித்தும் அது ஓடிக்கொண்டிருப்பது தெரியும் என்பார்கள்.

பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம். பெரிய பரீட்சை மார்ச் 27, மதியம் இரண்டு மணி. "இது தங்களின் இரண்டாவதும் இறுதியுமான வாய்ப்பு." இறுதி என்பதைத் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார்கள், கண்ணாடி இல்லாமலே தெரிகிறது. அக்டோபரில் நாலு மார்க்கில் போயிற்று. மூன்று வருஷம் படித்த பள்ளி ஆலோசகர் படிப்பு, எல்லாப் பாடமும் தேறியாயிற்று, கடைசியில் இந்த ஒரு பரீட்சை வாசற்படியில் கால் நீட்டிப் படுத்திருக்கிறது.

இதில் தேறினால் ஜூனில் ஓய்வு பெறும் பள்ளி ஆலோசகர் பெவர்லியின் நாற்காலி எனக்கு. தலைமையாசிரியர் வாய்விட்டே சொல்லிவிட்டார். தேறாவிட்டால் விளம்பரம் கொடுப்பார்கள். பழையபடி பி.டி. டீச்சராகப் போகலாம் என்றால், அந்த வேலைக்கு இருபத்தைந்து வயதில் ஒரு பெண்ணைப் போட்டுவிட்டார்கள். அவள் தலைகீழாக நடக்கிறாள். நான் நேராக நடந்தாலே முட்டியில் சத்தம் வருகிறது.

ஜனவரி 12

இந்தப் பரீட்சையில் கொடுத்திருக்கும் நாலு விடையும் சரி. அதுதான் அதன் அயோக்கியத்தனம். "ஆலோசகர் முதலில் செய்ய வேண்டியது என்ன?" என்று கேட்பார்கள். நாலையும் செய்யத்தான் வேண்டும். எதை முதலில் என்பதில்தான் உயிர் போகிறது. நானே ஒன்று தயாரித்துப் பார்த்தேன்.

உங்கள் கணவர் குளிர்சாதனப் பெட்டியில், உங்கள் தயிருக்குப் பக்கத்தில், தூண்டில் புழு டப்பாவை வைத்திருக்கிறார். ஆலோசகர் முதலில் செய்ய வேண்டியது:
அ) கணவரின் உணர்வைப் புரிந்துகொண்டதாகக் காட்டுவது.
ஆ) புழுவின் உணர்வைப் புரிந்துகொண்டதாகக் காட்டுவது.
இ) மேற்பார்வையாளரிடம் கலந்து பேசுவது.
ஈ) தயிரை மேல்தட்டுக்கு மாற்றுவது.

விடை இ. எப்போதும் இதுதான் விடை. வீடு பற்றி எரிந்தாலும் மேற்பார்வையாளரிடம் கலந்து பேசு. நானோ எப்போதும் ஈ போடுகிற ஜாதி. எது கண்ணில் பட்டாலும் நானே தூக்கி வைக்க வேண்டும்.

ஜனவரி 18

ஹோடான் வீட்டில் படிப்பு. என் வகுப்பில் எனக்கு வாய்த்த ஒரே சிநேகிதி. ஆஸ்பத்திரியில் சோமாலி மொழிபெயர்ப்பாளர், இரண்டு பிள்ளைகள், என்னைவிடப் பதினாறு வயது இளையவள். என்னை அபாயோ என்பாள், அவர்கள் மொழியில் அக்கா. அக்காவுக்குரிய மரியாதை அந்தச் சொல்லோடு முடிந்துவிடும்.

மேஜை நிறைய சம்பூசா, அவர்கள் ஊர் சமோசா. இறைச்சி வைத்தது இடப்பக்கம், பருப்பு வைத்தது வலப்பக்கம். நடுவில் என் மூளை.

"இந்தக் கேள்வியில என்ன போட்டிருக்கு? சத்தமாப் படி" என்றாள்.

"பன்னெண்டு வயசுப் பையன். அப்பா தவறிட்டார். கிளாஸ்ல தூங்குறான்."

"நீ ஏன் தப்பா எழுதின?"

"தம்பியைப் பார்த்துக்கறதாலதான் அவனுக்குத் தூக்கமில்ல. அதனால வீட்டுக்குப் போய்ப் பார்க்கணும்னு போட்டேன்."

"தம்பி எங்கேருந்து வந்தான்?"

"இருப்பான்ல."

"கேள்வியில தம்பி இல்ல, அபாயோ!"

"பாவம், இவனுக்கே பேர் இல்ல. நான் டேல்னு வச்சிருக்கேன்."

ஹோடான் நெற்றியை மேஜையில் வைத்துவிட்டாள். அப்புறம் தலை தூக்காமலே சொன்னாள், "நீ தாள்ல இருக்கிற பிள்ளைக்குச் சோறு போடறே. அது சாப்பிடாது. தாள் அது."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் டேலுக்கு நான் துரோகம் செய்ததுபோல இருந்தது. இது முற்றிய நிலை என்று தெரிகிறது.

ஜனவரி 25

உறைந்த ஏரியின் மேல் என் கணவன் கர்ட்டின் மீன்கொட்டகை. நாலடிக்கு ஆறடி, பனிக்கட்டியில் ஓட்டை, ஓட்டைக்கு இருபக்கமும் கவிழ்த்த வாளிகள். ஒன்றில் கர்ட், ஒன்றில் நான். என் படிப்பு அட்டைகளைக் கர்ட் கேட்க வேண்டும், நான் சொல்ல வேண்டும். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் இவன் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

அந்த நிபுணர்களின் பெயர்கள் எனக்கு நிற்பதில்லை. அதனால் எல்லோருக்கும் பட்டம் கொடுத்துவிட்டேன். சோபாக் கிழவர், எல்லாம் அம்மாவால் வந்தது என்பவர். மணியடித்து நாயைப் பட்டினி போட்டவர். காலி நாற்காலியோடு பேசச் சொல்பவர். எட்டுப்படி ஐயா, பிறந்ததிலிருந்து சாகும்வரை எட்டுப் படி, ஒவ்வொன்றிலும் வழுக்கி விழலாம். அப்புறம் ஆமாம்சாமி. வந்தவர் எதைச் சொன்னாலும் முகம் மாறாமல் ஏற்றுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும் என்பவர்.

"இந்த ஆமாம்சாமிக்கு எவ்வளவு சம்பளம்?" என்றான் கர்ட்.

"ஏன்?"

"சும்மா உக்காந்திருக்கறதுதானே. எனக்கும் அது வரும்."

அதற்கப்புறம் மீன் எதுவும் கடிக்கவில்லை, கர்ட்டும் பேசவில்லை. என்னால் தாங்க முடியவில்லை. மீனிடம் பேச ஆரம்பித்தேன்.

ஜனவரி 30

பெவர்லியின் அறையில் நான் பயிற்சி ஆலோசகர், அவள்தான் என் மேற்பார்வையாளர். என் மேஜை அலமாரிக்கும் பிரிண்டருக்கும் நடுவில். ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி மதியச் சாப்பாட்டை இங்கே கொண்டுவந்து சாப்பிடுகிறாள். பெயர் எழுதக் கூடாது, நெறிமுறை. காதை மூடும் பச்சைத் தொப்பியைக் கழற்றுவதே இல்லை. ஆகவே தொப்பி.

வேடிக்கை என்னவென்றால் தாளில் பெயரில்லாத பிள்ளைகளுக்கெல்லாம் பெயர் வைக்கிறேன். பெயருள்ள பிள்ளைக்கு என் நோட்டில் பெயரில்லை.

நவம்பரில் தொப்பியின் அம்மா அரிசோனாவுக்குப் போய்விட்டாள். திரும்பவில்லை. ஊருக்கே தெரியும். ஊரே "அங்கே வெயில் நல்லா இருக்குமாம்" என்பதோடு நிறுத்திக்கொண்டது. எங்கள் பக்கத்தில் யாரும் எதையும் நேராகச் சொல்வதில்லை. காலே ஒடிந்தாலும் "இன்னும் மோசமா ஆகியிருக்கலாம்" என்போம்.

தொப்பி பேசுவதில்லை. நான் பேசுகிறேன். இன்று அவளுக்குக் கூடைப்பந்து பற்றி, என் முட்டி பற்றி, பீனட் பட்டர் பற்றிச் சொன்னேன். மணி அடித்ததும் போய்விட்டாள்.

பிப்ரவரி 6

பயிற்சிக்காக நான் ஒரு பிள்ளையோடு பேசிய ஒலிப்பதிவைப் பேராசிரியர் ஆஸ்ட்பி வகுப்பில் போட்டார். முடிந்ததும் கண்ணாடியைத் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

"இது வித்தியாசமா இருக்கு, டார்லா" என்றார். இந்த ஊரில் அதற்கு மேல் திட்ட வார்த்தை கிடையாது. அப்புறம், "கேள்வியும் நீங்களே கேட்டு பதிலும் நீங்களே சொல்லிட்டீங்க. அந்தப் பிள்ளை எதுக்கு வந்துச்சு?"

ஹோடான் சிரிப்பை இருமலாக மாற்றினாள். மொழிபெயர்ப்பாளர் அல்லவா.

மௌனத்தைப் பற்றி ஒரு கேள்வி எல்லா மாதிரித் தேர்விலும் வருகிறது. மாணவர் பேசாமல் இருக்கிறார், ஆலோசகர் என்ன செய்ய வேண்டும்? விடை: ஆலோசகரும் பேசாமல் இருக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் தப்பாகப் போடுகிறேன். பதினேழு வருஷம் கழுத்தில் விசில் தொங்கவிட்டவள் நான். சத்தம் நின்றால் யாரோ விழுந்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

பிப்ரவரி 14

காதலர் தினம். கர்ட் என் அட்டைகளையெல்லாம் லேமினேட் செய்து கொடுத்தான். "மீன் தண்ணி பட்டா அழியுது" என்றான். அழுகை வந்தது. அவன் பயந்துபோய் கராஜுக்குப் போய்விட்டான்.

பிப்ரவரி 22

மாதிரித் தேர்வு. ஃபெயில். அக்டோபரைவிடக் கம்மி! கம்மி! ஆறு வாரம் மண்டைய உடைச்சு படிச்சு, பின்னாடி போயிருக்கேன். திட்ட விலக்கம் எவன் கண்டுபிடிச்சான்? ஒரு பிள்ளை அழுதுட்டு வர்றப்ப திட்ட விலக்கத்தையா எடுத்து நீட்டப் போறேன்? வயசு நாப்பத்தாறு. எட்டுப்படியில நான் நிக்கிற படிக்கு என்ன பேரு தெரியுமா? "தேக்கம்." வாழ்க!

கர்ட் கோழி ஹாட்டிஷ் செய்து வைத்திருந்தான், யாருக்குக் கஷ்டம் வந்தாலும் இந்த ஊர் சுட்டுக் கொடுக்கும் ஒரே பாத்திரச் சாப்பாடு. உருளைக்கிழங்கு உருண்டைகளை வரிசையாக, ஸ்கேல் வைத்ததுபோல அடுக்கியிருந்தான். "இன்னும் மோசமா ஆகியிருக்கலாம்" என்றான்.

"எப்படி? எப்படி ஆகியிருக்கும்? சொல்லு."

யோசித்தான். "பரீட்சை நாளைக்கா இருந்திருக்கலாம்."

பிப்ரவரி 23

அது உண்மைதான்.

மார்ச் 9

மீன்கொட்டகையை ஏரியிலிருந்து இழுத்தாயிற்று. பனி இளகுகிறது.

ஹோடான் நோன்பு. அவள் எதிரில் மறந்துபோய் ஒரு கேக் துண்டைக் கடித்துவிட்டேன். "பரவாயில்ல, நீ தின்னு, உன் மண்டைக்குத்தான் வேணும்" என்றாள். அவள் வழிக்கு வந்துகொண்டிருக்கிறேன். கேள்வியைப் படித்ததும் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும், இதுதான் அவள் சட்டம். கை கட்டியிருந்தால் யாரையும் தூக்கப் போகத் தோன்றாதாம். இன்று பத்துக்கு எட்டு.

தொப்பியின் டப்பாவில் இப்போதெல்லாம் பாதி சாண்ட்விச்தான் இருக்கிறது. மீதி பாதி எங்கே என்று கேட்டேன். தோளைக் குலுக்கினாள். உடனே சத்துணவைப் பற்றி ஒரு பிரசங்கம் வைத்தேன். கை கட்ட மறந்துவிட்டேன்.

மார்ச் 20

ஆறு ஏறுகிறது. எங்கள் ஆறு வடக்கே ஓடுகிற ஆறு. இங்கே பனி உருகியிருக்கும், வடக்கே இன்னும் உறைந்திருக்கும், தண்ணீர் போக இடமில்லாமல் படுத்துப் புரண்டு ஊருக்குள் வரும். வருஷா வருஷம் வரும் மாமியார் மாதிரி. இந்த வருஷம் பெரிய மாமியார் என்கிறார்கள்.

மார்ச் 25

பள்ளி மூடவில்லை, இடம் மாறிவிட்டது. ஏழாம் எட்டாம் வகுப்புகள் நகராட்சிக் கொட்டகையில் மணல்மூட்டை கட்டுகின்றன. ஒருத்தர் சாக்கைப் பிடிக்க, ஒருத்தர் மண்வெட்டியால் போட, மூட்டை வரிசையில் கைமாறிக் கைமாறி லாரிக்குப் போகும். அந்த விசிலை எடுத்து மாட்டிக்கொண்டேன். தலைகீழ் நடப்பவளுக்கு மூட்டை தூக்க வரவில்லை. அற்ப சந்தோஷம், ஆனாலும் சந்தோஷம்.

நெடுஞ்சாலையில் தண்ணீர் வந்தால் பல்கலைக்கழகத்துக்குச் சுற்றுவழி. பரீட்சையைத் தள்ளி வைப்பார்களா என்று போன் செய்தேன். கட்டடம் மேட்டில் இருக்கிறதாம், கம்ப்யூட்டர்கள் நனையாதாம். நான் நனைவதைப் பற்றி அவர்கள் எதுவும் சொல்லவில்லை.

மார்ச் 26

தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன. அட்டைகளை மூடிவிட்டேன்.

மார்ச் 27

இன்று நடந்ததை எழுதிவிட வேண்டும், இல்லாவிட்டால் தூங்க முடியாது.

காலையில் மணல் கொட்டகை. பன்னிரண்டு மணிக்குக் கிளம்பினால் போதும் என்று கணக்கு. வரிசையில் எனக்கு இடப்பக்கம் தொப்பி. மூட்டையை அவள் எனக்குத் தருவாள், நான் அடுத்த பையனுக்குத் தருவேன். அவன் காதில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. முட்டி கெஞ்சியது. எனக்கு மூச்சு வாங்கியது. பேச நினைத்தேன், சத்தியமாக நினைத்தேன், வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. எவ்வளவு நேரம் அப்படிப் பேசாமல் நின்றேனோ, என் வாழ்நாள் சாதனையாக இருக்கும்.

அப்போது அவள் பேசினாள். என் முகத்தைப் பார்க்கவில்லை, மூட்டையைப் பார்த்துக்கொண்டே.

"பாதி சாண்ட்விச் தம்பிக்கு."

தம்பி! கேள்வியில் இல்லாத தம்பி. கேள்வி நாக்கு நுனி வரை வந்தது. மூச்சில்லை.

"அப்பா எழுந்திரிக்கறதே இல்ல. நான்தான் தம்பிய பஸ்ஸுல ஏத்தறேன்."

ஒரு மூட்டை போயிற்று. இன்னொன்று.

"நேத்து சொன்னார், நான் இல்லைன்னாலும் நீங்க ரெண்டு பேரும் நல்லா இருப்பீங்க, சித்தி பார்த்துப்பான்னு. அப்புறம் துப்பாக்கிய எல்லாம் எடுத்துத் தொடைச்சுட்டு இருந்தார். வேட்டை சீசன் கூட இல்ல, மிஸ்."

அவள் அப்பாவை எனக்குத் தெரியும். சர்க்கரைக்கான பீட் கிழங்கு விவசாயி. பள்ளியில் எனக்கு இரண்டு வருஷம் கீழே. வெளியே என் வண்டி நிற்கிறது, அவர் வீடு பத்து நிமிஷம். போய்க் கதவைத் தட்டு, டார்லா. உள்ளே போ. தோளைப் பிடித்து உலுக்கு. எழுந்து நட, சரியாகிவிடும் என்று சொல். இத்தனை வருஷம் எல்லோருக்கும் சொன்னது அதுதானே. சாவி கையில் வந்துவிட்டது.

கையைக் கட்டிக்கொண்டேன். மூட்டையை நீட்டிக்கொண்டிருந்த பிள்ளைக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். பைத்தியம் என்று நினைத்திருப்பாள்.

"சொன்னது ரொம்ப நல்லது" என்றேன். "இதை என்னோட மட்டும் வச்சுக்க முடியாது. பெவர்லி மிஸ்கிட்ட இப்பவே போறோம். நீயும் என்கூட வா."

வரிசையை விட்டு வெளியே வந்தோம். அந்த இடம் உடனே மூடிக்கொண்டது, மூட்டைகள் போய்க்கொண்டே இருந்தன.

பெவர்லி காபி மேஜையருகே நின்றாள். நான் சொல்லி முடிப்பதற்குள் அவள் வாயிலிருந்த சூயிங் கம் நின்றுவிட்டது. மூன்று போன். மாவட்ட நெருக்கடிக் குழு, ஷெரீப் அலுவலகம், சித்தி. குரலில் ஒரு நடுக்கம் இல்லை. தம்பியின் பள்ளிக்கு நான்காவது போன். நான் நினைத்தே பார்க்கவில்லை அதை. கதவைத் தட்டப் போயிருந்தால் தம்பி மூன்று மணி பஸ்ஸில் நேராக அந்த வீட்டுக்குத்தான் வந்திறங்கியிருப்பான்.

போனைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள். "மணி என்ன ஆச்சு? உனக்குப் பரீட்சை."

"பரீட்சை நாசமாப் போகட்டும். நான் இவகூட இருக்கேன்."

தொப்பி அப்போதுதான் என்னை நேராகப் பார்த்தாள். "போன தடவை நீங்க ஃபெயில். ஊருக்கே தெரியும்."

"தெரியட்டும்."

"இங்க இருந்தா மட்டும் என்ன பண்ணுவீங்க? பேசிட்டே இருப்பீங்க."

பெவர்லி வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். சிரிப்பில் அவள் தோள் குலுங்கியது. அந்த நேரத்திலும்.

"அஞ்சு மணிக்கு வந்துருவேன்" என்றேன். "எங்க இருந்தாலும் வந்து பார்க்கறேன்."

"சரி" என்றாள். பெவர்லியின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

சுற்றுவழி முழுக்க அழுதுகொண்டே ஓட்டினேன். பரீட்சை அறையில் என் பூட்ஸிலிருந்து மணல் கொட்டியது. ஹோடான் இரண்டு வரிசை முன்னால், நோன்பில் உதடு வறண்டு. என்னைப் பார்த்துக் கண்ணை உருட்டினாள். கேள்விகள் வந்தன. டேல்கள் வந்தார்கள், எல்லோருக்கும் பன்னிரண்டு வயது, எல்லோருக்கும் ஏதோ ஒன்று. யாருக்கும் பெயர் வைக்கவில்லை. வைக்க மனசில் இடமில்லை. எங்கே வந்தது என்று நினைவில்லை, நடுவில் எங்கோ ஒரு கேள்வி: மாணவி தன் தந்தை தற்கொலையைப் பற்றிச் சூசகமாகப் பேசியதாகச் சொல்கிறாள். ஆலோசகர் முதலில் செய்ய வேண்டியது.

திரையைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். கண்காணிப்பாளர் "ஷ்" என்றார்.

ஐந்தரைக்குத்தான் வர முடிந்தது. சித்தி வீடு. அவள் அப்பா ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிட்டார், தானே வண்டியில் ஏறினாராம். துப்பாக்கிகளை ஷெரீப் ஆட்கள் எடுத்துக்கொண்டார்கள். தொப்பி கதவைத் திறந்தாள். தலையில் தொப்பி இல்லை. முடி ஒரு பக்கம் சப்பென்று ஒட்டியிருந்தது.

"லேட்" என்றாள்.

"மன்னிச்சுக்கோ."

"எழுதினீங்களா?"

"எழுதினேன்."

"சரி." கதவை மெதுவாக மூடினாள்.

மார்ச் 28

கர்ட்டிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லக் கூடாது. இரவெல்லாம் பக்கத்தில் படுத்துக்கொண்டு சொல்லாமல் இருந்தேன். ஆறு நின்றுவிட்டது, மணல்மூட்டைக்கு ஒரு சாண் கீழே. இன்னும் மோசமாக ஆகியிருக்கலாம். இந்த ஊரில் பிறந்து அந்த வாக்கியத்தை முதல் தடவையாகப் புரிந்து சொல்கிறேன்.

ஏப்ரல் 6

தொப்பியின் அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார் என்று கேள்வி. மளிகைக்கடையில் யாரும் எதுவும் சொல்லவில்லை. ஆனால் அவர் வீட்டு வாசலில் எட்டு ஹாட்டிஷ் இருந்ததாம்.

கர்ட் இன்று காலை படகு மோட்டாரைக் கழற்றி வண்டியில் ஏற்றினான்.

"எங்க போற?"

அவர் பெயரைச் சொன்னான். "மோட்டார் ரிப்பேர் பண்ண அவனுக்குத்தான் தெரியும்."

அந்த மோட்டாருக்கு ஒன்றுமில்லை. போன வருஷம்தான் புதிதாக வாங்கினது. நான் கர்ட்டைப் பார்த்தேன். அவன் டயரைப் பார்த்தான்.

"நான் எதுவும் கேக்கல" என்றான். "நீயும் எதுவும் சொல்லல."

"ஆமா."

"சும்மா உக்காந்திருக்கறதுதானே" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தான். சாயங்காலம்தான் வந்தான். மோட்டாரில் இப்போது உண்மையிலேயே ஏதோ கோளாறு.

ஏப்ரல் 11

முடிவு மின்னஞ்சலில் வந்திருக்கிறது. ஹோடானிடமிருந்து ஏழு தவறிய அழைப்புகள். அவள் முடிவு தெரிந்துவிட்டது, என் முடிவுக்குக் குதிக்கிறாள். நான் இன்னும் திறக்கவில்லை.

ஆலோசகர் முதலில் செய்ய வேண்டியது: பாத்திரம் கழுவுவது. பெரிய பாத்திரத்தையும் கழுவிவிட்டேன். அடுப்பைத் துடைத்தேன். கர்ட் துண்டோடு பக்கத்தில் நிற்கிறான். எட்டுத் தட்டு துடைத்துவிட்டான், அதில் மூன்று ஏற்கெனவே காய்ந்தவை.

செப்டம்பர் 4

பள்ளி திறந்து மூன்றாம் நாள். பெவர்லி அரிசோனாவிலிருந்து அட்டை போட்டிருக்கிறாள், வெயில் நல்லா இருக்காம். அரிசோனாவைத் தவிர வேறு இடமே கிடைக்கவில்லையா இவளுக்கு. அட்டையை உள் டிராயரில் வைத்தேன். அவள் விட்டுப்போன நாற்காலி நான் உட்கார்ந்தால் ஒரு பக்கம் சாய்கிறது. பிரிண்டர் பக்கத்து மேஜையில் ஹோடான் தன் பிள்ளைகள் படத்தை மாட்டிவிட்டாள். இங்கேயும் ஆரம்பப் பள்ளியிலும் பாதிப் பாதி வேலை அவளுக்கு. என்னைப் பார்த்தால் இன்னும் கையைக் கட்டிக் காட்டுகிறாள்.

மதியம் கதவு திறந்தது. எட்டாம் வகுப்பு. இரண்டு அங்குலம் வளர்ந்துவிட்டாள். தலையில் பீட் ஆலைத் தொப்பி, அப்பாவுடையது, நெற்றி வரை இறங்குகிறது. அறுவடை தொடங்கிவிட்டது, விடியலுக்கு முன்பே அவர் வயலில் இருக்கிறார் என்று கர்ட் சொன்னான். அதாவது, "இன்னிக்கு மீனுக்கு வர மாட்டான்" என்றான்.

பழைய நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். டப்பாவைத் திறந்தாள். முழு சாண்ட்விச்.

ஒரு மாணவி மதிய உணவு வேளையில் உங்கள் அறைக்கு வருகிறாள். எதுவும் பேசவில்லை. ஆலோசகர் முதலில் செய்ய வேண்டியது என்ன?

நானும் என் டப்பாவைத் திறந்தேன்.